தனுவச்சபுரத்துக்கு வந்த பதினாறு சுகாதார மந்திரிகள்

தொண்ணூறுகளின் நடுவில் கேரளத்தின் தென்கோடியில், தனுவச்சபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீடு பாறசாலையில். எங்கள் துறையில் மொத்தம் ஐந்து பேர், அதில் வயதில் நான்தான் கடைசி. அதனால்தான் அந்தப் பாடம் என் தலையில் வந்து விழுந்தது.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டுக்குப் புதிதாக ஒரு தாள் சேர்த்திருந்தார்கள். உலக நாடுகளின் சுகாதாரக் கொள்கைகள் என்று பெயர். அதில் ஒரு பகுதி முழுக்கப் புற்றுநோய். எந்த நாட்டில் சிகிச்சையை அரசு தருகிறது, எங்கே தனியார் தருகிறார்கள், நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க யார் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள், வலிக்கான மருந்து சில நாடுகளில் மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்றெல்லாம் போகும். துறைத்தலைவர் அந்தப் பாடத்திட்டத் தாளைக் கையால் தொடக்கூட இல்லை. ஸ்கேலால் என் பக்கமாகத் தள்ளினார்.

"இதை டீச்சர் எடுத்தா மதி, அது போதும். சின்னப் பிராயமாக்கும். உங்களுக்கு ஒண்ணும் வராது."

மற்ற மூவரும் ஏற்கனவே கையை விரித்துவிட்டார்கள். ஒருவர் தன் மனைவி அந்த வார்த்தையை வாயால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருப்பதாகவே சொன்னார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் அந்த நோய்க்குப் பெயரே கிடையாது. "அவருக்கு மற்றதாக்கும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கேட்பவர் "ஐயோ" என்பார். உடனே பேச்சு மழைக்கோ ரப்பர் விலைக்கோ போய்விடும். 'மற்றது' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாள் கரும்பலகையில் நோயின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். முன் பெஞ்சிலிருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ஒருவன் கை தூக்கினான்.

"டீச்சரே, இது வருமா?"

"கண்டிப்பா வரும். பதினஞ்சு மார்க்குக்கு."

"பரீட்சைக்கு இல்ல டீச்சரே. நமக்கு."

பாடப்புத்தகம் எதுவும் இல்லை. திருவனந்தபுரத்து நூலகம் ஒன்றில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். மெஷினில் மை தீர்கிற சமயம் போலிருக்கிறது, நடுவில் நாலு பக்கம் வெள்ளையாகவே வந்திருந்தது. ஜப்பான் அந்த நாலு பக்கத்துக்குள் இருந்தது. மிச்ச நாடுகளை மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் கலந்து ஒரு மாதம் நடத்தினேன். பிறகு கட்டுரை எழுதி வரச் சொன்னேன். "பிரிட்டனில் மற்றது வந்தால் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் மற்றது வருவதற்கு முன்பே இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும்" என்று ஒரு பெண் அழகான கையெழுத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். ஒரு இடத்தில்கூட நோயின் பெயர் இல்லை. திருத்திக்கொடுத்தபோது, "எழுதினா கை கூசுது டீச்சரே" என்றாள்.

இப்படியே போனால் இவர்கள் பரீட்சையிலும் 'மற்றது' என்றுதான் எழுதுவார்கள் என்று எனக்குப் பயம் வந்தது. எழுந்து நின்று வாயால் சொல்லவைக்க வேண்டும். அதற்காக ஒரு யோசனை செய்தேன். வகுப்பில் பதினாறு பேர். பதினாறு நாடுகள். ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் சுகாதார மந்திரி. உலகப் புற்றுநோய் மாநாடு ஒன்றை நாமே நடத்துவோம் என்றேன். நாடுகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன்.

வகுப்பில் ஒரு பையன் இருந்தான், கல்லூரி யூனியன் தலைவன். மாதத்துக்கு இரண்டு முறையாவது அமெரிக்காவைக் கண்டித்து ஊர்வலம் போகாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் கைக்கு அமெரிக்கா வந்தது. சீட்டைப் பார்த்து முகம் வெளிறிப்போய் என்னிடம் ஓடிவந்தான்.

"டீச்சரே, இதை மாத்தித் தரணும். பார்ட்டி ஆபீசில தெரிஞ்சா என்னைப் பிடிச்சு வெளியில தள்ளுவாங்க. எனக்கு கியூபா மதி."

கியூபா கிடைத்தது ஒரு சபை உபதேசியாரின் மகளுக்கு. வகுப்பிலேயே மிகக் குறைவாகப் பேசுகிறவள், பைக்குள் எப்போதும் சின்ன வேதப்புத்தகம் உண்டு. அவன் அவளிடம் போய்க் கெஞ்சினான்.

"நான் தரமாட்டேன்" என்றாள் அவள். "ஜெபம் பண்ணிட்டாக்கும் எடுத்தேன்."

"கியூபா எங்க இருக்குன்னாவது உனக்குத் தெரியுமா?"

"கர்த்தருக்குத் தெரியும்."

மேல்முறையீட்டுக்கு வழியில்லாததால் அவன் அமெரிக்காவாகவே இருந்தான். ஆனால் அன்று முதல் அவனுக்கு இந்த மாநாட்டில் ஒரு வேகம் வந்துவிட்டது. பேச்சு ஒன்று தயாரித்துக் காட்டினான். "அமெரிக்காவாகிய நான் என் குற்றங்களை ஒப்புக்கொள்கிறேன்" என்று தொடங்கி ஆறு பக்கம் போயிற்று. "டீச்சரே, விளம்பரம் நான் பாத்துக்கிடுதேன்" என்றும் சொன்னான். பக்கத்து வகுப்புகளில் சொல்லி நாலு பேரைக் கூட்டி வருவான் என்று நினைத்து நானும் சரி என்றேன்.

யூனியன் தேர்தலுக்குப் பிடித்த ஜீப் ஒன்று அவனுக்குத் தெரிந்தவரிடம் இருந்தது. மைக் செட்டோடு. வியாழக்கிழமை முழுக்க அது பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை போய்வந்தது எனக்குத் தெரியாது. பிறகு கேட்டவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், அதில் அவன் முழங்கியது இப்படி: "பிரியப்பட்ட நாட்டுக்காரே! நாளை பகல் பதினோரு மணிக்கு நம்முடைய கல்லூரி முற்றத்தில் அமெரிக்கா, கியூபா, ஜப்பான் உட்பட பதினாறு நாடுகளின் சுகாதார மந்திரிமார் கான்சர் நோய் குறித்துப் பேசுகிறார்கள்! அனைவரும் வருக!"

மாணவர்கள் நடிக்கிறார்கள் என்ற ஒரு வரியை ஏன் விட்டாய் என்று அப்புறம் கேட்டேன். "ஜீப் ஓடும்போ நீளமான வரி காதில விழாது டீச்சரே" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டார்: "டீச்சரே, அமெரிக்கா மந்திரி எந்த வழியா வாறாரு? ரோடு அடைப்பாங்களா? எனக்கு உச்சைக்கு, பன்னெண்டு மணிக்கு, ஒரு டிரிப்பு உண்டு."

நான் சிரித்தேன். பஸ்ஸில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

கல்லூரி வாசலில் இறங்கியபோது முந்நூறு பேராவது நின்றிருந்தார்கள். குடைகள், குழந்தைகள், கக்கத்தில் எக்ஸ்ரே கவர்கள். ஒருவர் தன் தந்தையை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார். வாசலோரம் யாரோ சுக்குக் காப்பி விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு போலீஸ் ஜீப்பும் நின்றது. அதிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் இறங்கி என்னிடம் வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை.

"டீச்சராக்கும் இதுக்குப் பொறுப்பு? வெளிநாட்டு மந்திரி வாறப்போ ஸ்டேஷனில ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அமெரிக்காக்காரன் எங்க?"

தூரத்தில் வேப்ப மரத்தடியில் கழுத்துப்பட்டி கட்டி நின்ற என் மாணவனைக் கையால் காட்டினேன். சப் இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இவனா? பஸ் மறிச்ச கேசில இவனை நான் ரெண்டு மாசமா தேடுகேன்!"

அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் அமெரிக்கா கியூபாவின் பின்னால் போய் ஒளிந்தது. அந்தப் பெண் அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள், ஆனாலும் நகராமல் நின்றாள்.

"சாரே," என்றான் அவன் அவள் தலைக்கு மேலிருந்து, "இன்னைக்கு மட்டும் நான் வெளிநாடாக்கும். வெளிநாட்டு மந்திரியைக் கைது பண்ணப் பாடில்ல, சட்டம் உண்டு."

சப் இன்ஸ்பெக்டருக்கு மீசை துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. "முடியட்டும். முடிஞ்ச பிறகு நீ வெளிநாடா உள்நாடான்னு பாக்கலாம்" என்று சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிரின்சிபால் ஓடிவந்தார். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறப் போகிறவர். அதுவரை கல்லூரியில் எதுவும் நடக்கக் கூடாது என்பதே அவருடைய ஒரே வேண்டுதல். கூட்டத்தைப் பார்த்தார், போலீசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவங்களைத் திருப்பி அனுப்பினா கல்லெறி விழும். நடத்துங்க டீச்சர், எதையாவது நடத்துங்க" என்றார்.

அதற்குள் ஒரு பெரியவர் ஸ்வீடன் என்று அட்டை குத்தியிருந்த பையனிடம் எக்ஸ்ரேயை நீட்டி, "மந்திரி இதை ஒண்ணு பாக்கணும்" என்று கேட்டுவிட்டார். மறுக்க மனம் வராத பையன் அவன். எக்ஸ்ரேயைத் தலைகீழாக வெயிலில் பிடித்து, வெகுநேரம் பார்த்து, "பரவாயில்ல" என்றான். பெரியவருக்கு முகம் மலர்ந்தது. வரிசை ஒன்று உருவாகத் தொடங்கியது. இனி தாமதித்தால் ஆபத்து என்று நான் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். இங்க வெளிநாட்டிலிருந்து யாரும் வரல்ல. இவங்க எல்லாம் என் கிளாஸ் பிள்ளைகள். பாடத்துக்காக மந்திரியா நடிக்கிறாங்க. தப்பு என் பேரில."

கல்லெறி விழவில்லை. ஒரு முணுமுணுப்பு கிளம்பி அடங்கியது, அவ்வளவுதான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பிள்ளைகள் என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்ற மாதிரி எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாநாடு தொடங்கியது. அமெரிக்கா தன் குற்றங்களை ஒப்புக்கொண்டது. "நாலு பக்கம் ஜெராக்ஸில் விழாததால் எங்கள் கொள்கையைச் சொல்ல இயலவில்லை" என்று ஜப்பான் வருத்தம் தெரிவித்தது. கியூபா எழுந்து, தன் நாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டாக்டர் இருப்பார் என்றும், சந்தேகம் என்றால் அவரே கான்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார் என்றும் மெல்லிய குரலில், ஆனால் ஒரு சொல் விழுங்காமல் சொன்னாள். 'கான்சர்' என்று அவள் வாயால் சொன்னதைக் கேட்டு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். நெய்யாற்றின்கரை சந்தையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு விற்கிறவர் என்று பிறகு தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும்.

"கியூபா சொன்னது கொள்ளாம், நல்லா இருக்கு. நம்ம ஊரில என்ன செய்யணும்? இந்தியா மந்திரி ஆரு?"

பதினாறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாக்பீஸ் டப்பாவுக்குள் நான் இந்தியா என்று சீட்டே போடவில்லை. மறந்துவிட்டேன். அதைவிட வெட்கம், போட்டிருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் யாரிடமும் கிடையாது. ஸ்வீடனில் ஒரு பெண்ணுக்கு எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனை என்று எனக்குத் தெரியும். நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் எந்தக் கவுண்டரில் போய் நிற்க வேண்டும் என்று தெரியாது. மைக்கைப் பிடித்தபடி, "அது வந்து..." என்று நின்றேன்.

அப்போது சப் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். கூட்டத்தைக் கலைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"கேட்டுக்கிடுங்க" என்றார், திருடனை விசாரிக்கிற அதே குரலில். "காலம்பற அஞ்சரைக்கு நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில நிக்கணும். மெடிக்கல் காலேஜ் பஸ் உண்டு. இல்லேன்னா திருவனந்தபுரம் தம்பானூரில எறங்கி மாறணும். எட்டு மணிக்கு முன்னால ஓ.பி. சீட்டு எடுத்தா உச்சைக்குள்ள டாக்டரைப் பாக்கலாம். ரெண்டு ஆளு கூடப் போணும், ஒரு ஆளு வரிசையில நிக்க, ஒரு ஆளு சீக்காளிகிட்ட இருக்க. சோறு கையில கொண்டு போங்க. பழைய சீட்டு, எக்ஸ்ரே, எல்லாம் ஒரே பையில வைங்க."

தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

"முதல் நாள் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. திரும்ப வரச் சொல்லுவாங்க. அப்பம் போகாம இருக்கப் பாடில்ல. எனக்கு அந்தப் பிழையாக்கும் பற்றினது. வீட்டுக்காரிக்கு கான்சர். ரெண்டாவது தடவை போக நாலு மாசம் ஆக்கினேன், டியூட்டி டியூட்டின்னு. இப்பம் மருந்து நடக்குது, பரவாயில்ல. ஆனா அந்த நாலு மாசம் நான் செய்த தப்பாக்கும்."

அவருடன் வந்த கான்ஸ்டபிள்கள் இருவரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாதாம். முந்நூறு பேருக்கு நடுவில், மைக்கில், அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். என் மாணவர்கள் பதினாறு பேரும் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் அவ்வளவு வேகமாக எழுதி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒரு மணிநேரம் ஜனங்கள் அவரிடம்தான் கேள்வி கேட்டார்கள். பதினாறு நாடுகளும் சுக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டன.

எல்லாம் கலைந்த பிறகு, அந்தக் கிழங்கு விற்கும் அக்கா மட்டும் போகாமல் நின்றார். என்னிடம் வரவில்லை, உபதேசியார் மகளைக் கைகாட்டி அழைத்தார். இருவரும் மரத்தடியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து, "டீச்சரே, அவங்களுக்கு மார்பில ஒரு கட்டி உண்டு. ஓணத்துக்கு முன்னாலயே உண்டாம். வீட்டில சொல்லல்ல. திங்கக்கிழமை நான் கூடப் போறேன்னு சொல்லிட்டேன். எனக்கு அங்க ஒண்ணும் அறியாது. நீங்களும் வாறியளா?" என்றாள்.

போனேன். நாங்கள் மூவரும் ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால், அமெரிக்கா ஏற்கனவே வரிசையில் நாலாவது ஆளாக நின்றுகொண்டிருந்தது. கியூபா சொல்லித் தெரிந்துகொண்டு முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டானாம். "மறியலுக்கு எடம் பிடிச்சுப் பழக்கமாக்கும்" என்றான். சும்மா நிற்கவும் இல்லை. வரிசையில் நடக்க முடியாதவர்களை ஓரமாக உட்காரவைத்து, அவர்கள் இடத்தில் செருப்பை வைத்து, இடையில் நுழைய வந்தவர்களிடம் நியாயம் பேசி, ஊர்வலத்தை நடத்துவதுபோல் நடத்திக்கொண்டிருந்தான். அந்த அக்கா அவனை மேலும் கீழும் பார்த்து, "எலே, நீதானே அமெரிக்கா? குற்றம் செய்ததா ஒத்துக்கிட்டியே, பிராயச்சித்தமா?" என்று கேட்டார்.

நோய் அதுதான் என்று இரண்டாவது வாரம் சொன்னார்கள். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்த சீட்டுகளையெல்லாம் எடுத்து மறுபடி அடுக்கினார். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "மக்களே கியூபா, எழும்பு. வீட்டில சொல்லணும். நீ சொல்லு. எனக்கு நாக்கு வரல்ல" என்றார். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில், கணவருக்கும் இரண்டு மகன்களுக்கும் முன்னால், 'மற்றது' என்பதற்கு மேல் எழுதக் கை கூசிய ஒரு வகுப்பின் பெண் நோயின் பெயரைச் சொல்லி, என்ன செய்யப் போகிறார்கள் என்று தெளிவாக விளக்கினாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். என் பங்கு அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு கரண்ட் கொடுத்தார்கள், கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். அக்கா மெலிந்தார், திட்டினார், கஞ்சி பிடிக்கவில்லை என்றார், மறுபடி சந்தைக்கு வந்து உட்கார்ந்தார்.

மாநாடு என்னைச் சும்மா விடவில்லை. முன்னனுமதி இல்லாமல் வெளிநாட்டு மந்திரிகளை அழைத்தது எப்படி என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிரின்சிபால் மூன்று நாள் தூங்கவில்லை. "வந்தவர்கள் அனைவரும் இக்கல்லூரி மாணவர்களே, ஜப்பான் மந்திரி அமரவிளைக்காரர்" என்று பதில் எழுதினேன். அதற்கு மறுகடிதம் வரவில்லை. சப் இன்ஸ்பெக்டர் என் மாணவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, கேசுக்கு வேண்டிய கையெழுத்தை வாங்கிக்கொண்டு சாயா வாங்கிக்கொடுத்து அனுப்பினாராம். அவனுக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

பரீட்சை முடிந்து சில வாரங்கள் கழித்து, விடைத்தாள் திருத்துகிற வெளியூர்ப் பேராசிரியர் கல்லூரி ஆபீசுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டார்.

"இந்தியாவின் புற்றுநோய்க் கொள்கையை விவரிக்கக் கேட்டா, உங்க பிள்ளைகள் எல்லாரும் ஒரே பஸ்ஸைப் பத்தி எழுதியிருக்காங்களே. காப்பியா?"

"காப்பி இல்ல சார். ஒரு போலீஸ்காரர் சொன்னது."

மறுபக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எட்டு மணிக்கு முன்னால சீட்டு எடுக்கணும்னு இருக்கே. அது சரிதானா?"

சரிதான் என்றேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து நெய்யாற்றின்கரை சந்தையில் அந்த அக்காவிடம் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தேன். தராசைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார்.

"டீச்சரே, நீ பாத்தியா?"

"எதை?"

"எதையா? ஊருக்கெல்லாம் மைக் வெச்சுச் சொன்னியே. உனக்கு நீ பாத்தியா?"

நான் கிழங்கைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு அதட்டல் போட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அஞ்சரை மணிக்கு ஸ்டாண்டில் நின்று என்னைப் பஸ்ஸில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரியாத ஆளில்லை. சீட்டு எழுதுகிறவரிடம் அவர் மகளின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார். நர்ஸம்மாவுக்கு ஒரு பொதி கிழங்கு கொண்டுவந்திருந்தார். "இது எங்க டீச்சர், ரொம்பப் படிச்சவங்க, ஒண்ணும் அறியாது" என்று எல்லாரிடமும் என்னை அறிமுகம் செய்தார்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, ஒன்றுமில்லை, ஆனால் வருடா வருடம் வந்து காட்டுங்கள் என்றார். வெளியே வந்து சொன்னேன். அக்கா என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லியா? நல்லாக் கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன் அக்கா. ஒண்ணுமில்ல."

"அப்பம் சரி" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வா, பஸ்ஸு போயிரும். இனி அடுத்த வருசம் ஆடி மாசம் வாறோம். ஆடியிலயாக்கும் சந்தையில யாவாரம் குறைவு."